திரும்பும் நேரத்தை முதலில் எழுதுங்கள்

வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகள் இல்லாத வீடு நம் சங்கக் குடும்பங்களில் குறைவு. சுவிட்சர்லாந்து பக்கம் இருப்பவர்களில் சிலருக்கு இப்போது பனிச்சறுக்கில் மோகம். கேபிள் காரில் ஏறிச் சறுக்கி இறங்குவது அலுத்ததும், ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு மலை தாண்டிப் போகலாமே என்று ஆசை வருகிறது. இதற்கு ஸ்கீ டூரிங் என்று பெயர். முன்னுக்கு வழுக்கி, பின்னுக்கு வழுக்காத பட்டை ஒன்றைப் பலகையின் அடியில் ஒட்டிக்கொண்டு ஏறி, உச்சியில் அதை உரித்துவிட்டுச் சறுக்கி இறங்க வேண்டும். ஆசை நல்லதுதான். ஆனால் அதற்குத் திட்டம் போடுகிறவர்கள் போய்ச் சேரும் நேரத்துக்கு முன்னால் திரும்பும் நேரத்தை எழுத வேண்டும் என்பது என் கட்சி.

ஜெர்மாட், அரோலா என்ற இரண்டு ஊர்களை எடுத்துக்கொள்வோம். நேர்கோட்டில் சுமார் 20 கிலோமீட்டர்தான். சாலை வழியே பள்ளத்தாக்கில் இறங்கிச் சுற்றினால் நூறு கிலோமீட்டருக்கு மேல். வரைபடத்தைப் பார்த்தால் மலை வழிதான் சுருக்கம் என்று தோன்றும். ஆனால் ஜெர்மாட்டின் உயரம் சுமார் 1,600 மீட்டர். நடுவே நிற்கும் தெத் பிளான்ஷ் சிகரம் சுமார் 3,700 மீட்டர். மணிக்கு 400 மீட்டர் ஏற்றம் என்பது அங்கே வழக்கமான கணக்கு. அப்படியானால் ஏற்றத்துக்கே ஐந்து மணிக்கு மேல் ஆகும். தூரத்துக்கும் ஓய்வுக்கும் தனியே நேரம் கூட்ட வேண்டும். வழியெல்லாம் பனியாறு, அதில் மூடிக் கிடக்கும் பிளவுகள். மேகம் இறங்கிவிட்டால் தரைக்கும் வானத்துக்கும் வித்தியாசம் தெரியாது.

திட்டமிட வசதிகளுக்குக் குறைவில்லை. 30 பாகைக்கு மேற்பட்ட சரிவுகளை வண்ணமிட்டுக் காட்டும் வரைபடங்கள் உண்டு. டாவோஸிலுள்ள ஆய்வு நிலையம் குளிர்காலத்தில் காலை 8 மணிக்கும் மாலை 5 மணிக்கும் பனிச்சரிவு அறிக்கை தருகிறது. அதில் அபாயம் ஐந்து படிகள். ஐந்துக்கு மூன்று என்றால் நடுத்தரம்தானே என்று நம்மவர் பரீட்சைக் கணக்குப் போடக்கூடாது. பனிச்சரிவில் மிக அதிகமானோர் இறப்பது அந்த மூன்றாம் படி நாட்களில்தான்.

பனிச்சரிவு இல்லாமலே குளிரும் கொல்லும். 2018 ஏப்ரல் இறுதியில் அரோலாவுக்கு மேலே 14 பேர் புயலில் சிக்கி, விஞெத் தங்குமனைக்குச் சில நூறு மீட்டர் தொலைவில் இரவைக் கழித்தார்கள். ஏழு பேர் இறந்தார்கள். 2024 மார்ச் 9ஆம் தேதி ஜெர்மாட்டிலிருந்து அரோலாவுக்குப் புறப்பட்ட ஆறு பேர் தெத் பிளான்ஷ் அருகே புயலில் மாட்டினார்கள். ஐந்து பேரின் உடல்கள் மறுநாள் கிடைத்தன, ஒருவரைக் காணவில்லை. மலை தெரிந்தவர்களுக்கே இந்தக் கதி.

நல்ல வழிகாட்டியை அமர்த்தினால் போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். வழிகாட்டி அவசியம். ஆனால் 2018 குழுவிலும் வழிகாட்டி இருந்தார், அவரும் இறந்தார்.

மலையைவிட மனிதனை அதிகம் நெருக்குவது அவன் கீழே செய்துவைத்த ஏற்பாடுகள்தான். அடுத்த ஊரில் விடுதிக்குப் பணம் கட்டியாயிற்று, பெட்டி முன்னாலேயே போய்விட்டது, திங்கட்கிழமை ஆபீஸ். போன வழியே திரும்பும் பயணத்தில் இந்தத் தொல்லை கிடையாது. ஊர்விட்டு ஊர் போகும்போதுதான் 'பாதி வந்துவிட்டோமே' என்ற எண்ணம் காலை முன்னால் தள்ளுகிறது. எனவே எந்த இடத்தை எத்தனை மணிக்குள் தொடாவிட்டால் திரும்புவது என்பதை, வெதுவெதுப்பான அறையில் உட்கார்ந்திருக்கும்போதே காகிதத்தில் எழுதிவிட வேண்டும். ரத்து செய்தால் பணம் நஷ்டமில்லாத விடுதியாகப் பார்க்க வேண்டும். ரயிலில் சுற்றிப் போய்ச் சேரும் வழியையும் அதே காகிதத்தில் குறிக்க வேண்டும்.

இதில் வீட்டிலிருக்கும் நமக்கும் பங்கு உண்டு. பிள்ளை போனில் சொல்லும்போது "எப்போது போய்ச் சேருவாய்?" என்று கேட்பது நம் வழக்கம். அந்தக் கேள்வியே அவனை அவசரப்படுத்தும். "எங்கே, எத்தனை மணிக்குத் திரும்புவாய்? எத்தனை மணிக்குள் உன்னிடமிருந்து தகவல் வராவிட்டால் யாரிடம் சொல்ல வேண்டும்?" என்று கேளுங்கள். அந்த வட்டாரத்தில் மீட்புப் படைக்கு எண் 144. அதையும் குறித்துக்கொள்ளுங்கள். பாதியில் திரும்பி வந்தேன் என்று அவன் சொன்னால், நல்ல காரியம் செய்தாய் என்று மனதாரச் சொல்லுங்கள்.