எரிந்த ஊரின் பட்டியலை எழுதுவது யார்?

2025 ஜனவரி 7ஆம் திகதி மாலை, லொஸ் ஏஞ்சல்ஸ் நகருக்கு வடக்கேயுள்ள ஈற்றன் பள்ளத்தாக்கில் மூண்ட தீ, மலைக்காற்றோடு அல்ரடீனா என்ற ஊருக்குள் இறங்கியது. 9,400க்கு மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. 19 பேர் இறந்தனர். கலிபோர்னியா போன்ற பணக்கார மாநிலத்தில் இருந்தும் அந்த ஊருக்கு மாநகர சபை கிடையாது, மேயர் கிடையாது. மாவட்ட நிர்வாகம் நேரடியாக ஆளும் ஊர் அது. ஊரின் பெயரால் வாய் திறக்க இருந்தது ஊர்ச்சபை ஒன்றுதான்: எட்டுக் கணக்கெடுப்புத் தொகுதிகளிலிருந்து தொகுதிக்கு இருவராகத் தெரிவாகும் 16 பேர். சட்ட அதிகாரம் எதுவுமில்லை. கூட்டம் வைக்கலாம், தீர்மானம் எடுக்கலாம், மேலிடத்துக்குக் கடிதம் எழுதலாம். எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கங்களில் ஒருமுறையாவது செயலாளராக இருந்தவருக்கு இந்தச் சபையை அதற்குமேல் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

தீ தொடங்கியது மாலை ஆறேகால் மணியளவில். ஊரை இரண்டாகப் பிரிக்கும் லேக் அவெனியூ வீதிக்குக் கிழக்கே இருந்தவர்களுக்கு அன்றிரவே வெளியேறும்படி அறிவித்தல் போனது. மேற்கே இருந்தவர்களுக்கு அது போய்ச் சேர்ந்தபோது அதிகாலை மூன்றரை மணி ஆகியிருந்தது. இறந்தவர்களில் ஏறத்தாழ எல்லோருமே மேற்குப் பக்கத்தவர்கள். மற்ற இடங்களில் கறுப்பினத்தவருக்கு வீடும் வங்கிக் கடனும் மறுக்கப்பட்ட காலத்தில், அவர்கள் பாடுபட்டுக் காணி வாங்கிக் குடியேறிய பகுதி அது. பலருடைய வீடு தாத்தாவின் பெயரிலேயே இருந்தது. பேரப்பிள்ளைகள் பெயர் மாற்றாமல் குடியிருந்தார்கள். வாடகைக்கு இருந்தவர்கள், அந்த வீடுகளில் தோட்டவேலைக்கும் துப்புரவு வேலைக்கும் வந்துபோனவர்கள் எல்லோரும் அதே தீயில்தான் பிழைப்பை இழந்தார்கள். ஆனால் காப்புறுதிப் பணமும் கட்டட அனுமதியும் உறுதி வைத்திருப்பவரையே தேடி வரும். சாம்பல் ஆறுமுன்னமே காணி வாங்குவோர் வரத் தொடங்கியதால்தான் 'அல்ரடீனா விற்பனைக்கில்லை' என்ற பலகைகள் வளவுகளில் முளைத்தன.

இதில் ஜெயபுரத்துக்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். வன்னியில், பூநகரிப் பிரதேச செயலாளர் பிரிவில், காட்டோரம் கிடக்கும் எளிய ஊர் அது. 1983 வன்செயலுக்குப் பின் மலையகத்திலிருந்தும் தெற்கிலிருந்தும் வந்த குடும்பங்கள் காடு வெட்டிக் குடியேறிய இடம். வீடு எரிந்தால் என்ன நடக்குமென்பதை அவர்களுக்குப் பிறர் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. இருக்க வளவு கிடைத்தது. வயலுக்கென்று எதிர்பார்த்த காணிக்காக வனத் திணைக்களத்தோடு இழுபறி ஆண்டுக்கணக்கில் நீண்டது. 2008இல் போரினால் அந்த ஊரையும் விட்டெழும்பிக் கிழக்கே நடந்து, செட்டிகுளம் முகாம்களில் அடைபட்டுத் திரும்பியவர்கள் அவர்கள். பேரழிவுக்குப் பின் ஓர் ஊர் எழும்புவதா குலைவதா என்பதைப் பணத்துக்கு முன் தீர்மானிப்பது பட்டியல்தான். எவர் இந்த ஊரவர், எவருக்கு எது சேரவேண்டும் என்று எழுதும் கை யாருடையது? அல்ரடீனாவிலும் ஜெயபுரத்திலும் கேள்வி இதுவே.

செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் கதிர்காமர், ஆனந்த குமாரசுவாமி, இராமநாதன், அருணாசலம் என்று வலயங்களுக்குப் பெரியவர்களின் பெயர்கள் சூட்டப்பட்டிருந்தன. ஆட்களைப் பிரித்தது வந்துசேர்ந்த ஒழுங்கில்; ஊர்வாரியாக அல்ல. ஒரே ஊரவர் நாலு வலயத்தில் சிதறினார்கள். ஊர்த்தலைவர் ஒரு வேலிக்குள், சங்கப் பொருளாளர் இன்னொரு வேலிக்குள். ஊர் என்ற அமைப்பு அங்கேதான் முதலில் உடைந்தது. திரும்பி வந்தபோது குடும்ப அட்டையில் பெயர் உள்ளவர் ஊரவர், இல்லாதவர் அலுவலகப் படிகளில் ஏறி இறங்குபவர் என்றாயிற்று. இடம்பெயர்வுக்குள் கலியாணம் முடித்த இளங் குடும்பங்கள், கணவன் காணாமல் ஆக்கப்பட்டதால் குடும்பத் தலைவியாகிய பெண்கள், அனுமதிப்பத்திரம் இல்லாத வளவில் கொட்டில் போட்டிருந்தவர்கள் ஆகிய மூன்று வகையினரே அதிகம் அலைந்தார்கள்.

பிறகு இந்திய வீட்டுத்திட்டம் வந்தது. ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா. பயனாளி தானே நின்று கட்ட வேண்டும். தெரிவு புள்ளி அடிப்படையில். தேர்வானோர் பட்டியல் பொது இடத்தில் ஒட்டப்படும், ஆட்சேபம் இருந்தால் எழுதிக் கொடுக்கலாம். வன்னியில் அந்தக் காகிதத்தின் முன்னால் நின்றவர்களைக் கண்டவர்களுக்குத் தெரியும்: விரலால் ஒவ்வொரு பெயராகத் தொட்டுக்கொண்டு வருவார்கள், தங்கள் பெயர் வராவிட்டால் திரும்ப மேலிருந்து தொடங்குவார்கள். ஆள்தொகை குறைந்த வீட்டுக்குப் புள்ளி குறைவு. தனித்துப்போன முதியவருக்கும், ஒரு பிள்ளையோடு தப்பிவந்த தாய்க்கும் போரில் ஆட்களை இழந்ததே புள்ளி குறையக் காரணமாயிற்று. புள்ளி முறையை வகுத்தவர்கள் கெட்டவர்களல்லர். தூர இருந்து வகுத்தார்கள், அவ்வளவே. ஆனாலும் அந்தத் திட்டத்தில் எனக்குப் பிடித்த ஒன்று, பட்டியலைச் சுவரில் ஒட்டியது. ஒட்டப்பட்ட பட்டியலோடு சண்டை பிடிக்கலாம். கோவைக்குள் இருக்கும் பட்டியலோடு சண்டை பிடிக்க முடியாது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது வீடு துப்புரவாக்க 25,000 ரூபா என்று அரசு அறிவித்தது. பணம் பெரிதல்ல. அதற்குள்ளேயே பெயர் விடுபட்டது, நனையாத வீட்டுக்குக் கிடைத்தது, விதானையார் பார்த்துச் செய்தார் என்ற முறைப்பாடுகள் எழுந்துவிட்டன. ஒரு விதானையார் நூற்றுக்கணக்கான குடும்பங்களைச் சில நாட்களுக்குள் பார்த்து முடிக்க வேண்டுமென்றால் பிழை வராமல் என்ன செய்யும்? பிழையைத் திருத்த ஊருக்குள் ஒரு கூட்டம், ஒரு மேசை இல்லாததே குறை.

மற்றவர்கள் இதை எப்படிச் செய்தார்கள் என்று பார்ப்போம். 2009 பெப்ரவரி 7ஆம் திகதி அவுஸ்திரேலியாவின் விக்ரோரியா மாநிலத்தில் காட்டுத்தீ 173 பேரைக் கொன்றது. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் போயின. அந்த மாதம் வன்னிச் சனம் புதுக்குடியிருப்புக்கும் மாத்தளனுக்கும் இடையில் பதுங்குகுழிகளில் இருந்தது. மெல்பேர்னில் வாழ்ந்த எங்கள் உறவுகள் இரண்டு தீயையும் ஒரே தொலைக்காட்சியில் பார்த்தார்கள். மூன்று நாட்களுக்குள் அந்த மாநிலம் மீள்கட்டமைப்பு அதிகாரசபை ஒன்றை அமைத்து, அப்போதைய பொலிஸ் தலைமை அதிகாரி கிறிஸ்ரின் நிக்சனைத் தலைவராக்கியது. எரிந்த ஊர்களில் 33 சமூக மீட்புக் குழுக்கள் உருவாயின. ஊருக்கு என்ன வேண்டுமென்று எழுதித் தரும் பொறுப்பு அவற்றுக்கு. சில சரியாக நடந்தன. சில, அதிகாரிகளின் அவசரத்துக்கு ஒப்பம் வைக்கும் குழுக்களாயின.

ஸ்ரத்யூவன் என்ற சிற்றூர் தனித்து நிற்கிறது. இருநூறு பேரளவில் வாழ்ந்த ஊரில் 27 பேர் இறந்தார்கள். மிஞ்சியவர்கள் தாங்களே கூடி ஒரு சங்கம் அமைத்து, எதை முதலில் கட்டுவது, யார் வந்து ஊருக்குள் உதவி செய்யலாம், யார் இப்போதைக்கு வர வேண்டாம் என்பதையெல்லாம் தங்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். மண்டபம் திரும்ப எழும்பியது. பின்னர் அந்த ஊர்ப் பள்ளிக்கூடம் தீயணைப்புத் தொண்டர்களோடு சேர்ந்து, காற்றையும் புல்லின் காய்ச்சலையும் பார்த்துத் தீ ஆபத்தை மதிப்பிடப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கத் தொடங்கியது. ஊர் மீண்டதற்குப் பணம் காரணமா, சங்கம் காரணமா என்றால் இரண்டும்தான். ஆனால் பணம் கிடைத்த எல்லா ஊரும் அப்படி மீளவில்லை.

ஊர்ச்சபை என்றாலே நல்லது என்று சொல்லிவிடவும் முடியாது. ஈற்றன் தீ பரவிய அதே நாளில் லொஸ் ஏஞ்சல்ஸின் மேற்குக் கரையில் பசிபிக் பலிசேட்ஸும் எரிந்தது. 6,800க்கு மேற்பட்ட கட்டடங்கள். அங்கே 1973இலிருந்து ஒரு சமூக மன்றம் இயங்குகிறது. செல்வந்தர் வாழும் இடம். சட்டத்தரணிக்கும் கட்டடக் கலைஞருக்கும் பஞ்சமில்லை. ஒரு வளவைப் பிரித்துக் கூடுதல் வீடு கட்ட இடமளிக்கும் மாநிலச் சட்டத்தை எரிந்த பகுதியில் நிறுத்திவைக்க வேண்டுமென்று அங்கே குரல் எழுந்தது. 2025 ஜூலை இறுதியில் ஆளுநர் கவின் நியூசம் அதற்கு வழிவிட்டார். ஏற்கெனவே வீடு இருந்தவர்களுக்கு இது பாதுகாப்பு. அந்த ஊரில் வேலைசெய்து, அந்த ஊரில் இருக்க முடியாதவர்களுக்குக் கதவடைப்பு. சபையில் யார் இருக்கிறார்களோ அவர்களுடைய ஊர்தான் திரும்பக் கட்டப்படும்.

எங்கள் பக்கத்தில் இது இன்னும் பச்சையாகத் தெரியும். கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவரே கமக்காரர் அமைப்பின் செயலாளர், அவரே கோயில் நிர்வாக சபையின் பொருளாளர். மாதர் சங்கத் தலைவி அவருடைய மனைவி. றப்பர் முத்திரைகள் எல்லாம் ஒரே அலுமாரிக்குள். அந்த ஆள் நல்லவராகவும் இருக்கலாம், பல ஊர்களில் அப்படித்தான். ஆனால் வளவு இல்லாமல் மாமன் காணியில் கொட்டில் போட்டிருப்பவன் அந்தக் கூட்டத்தில் எழும்பிப் பேசமாட்டான்.

இனித் தீக்கு வருவோம். வன்னியில் ஊரை எரிக்கும் காட்டுத்தீ வருமா? வைகாசி முதல் புரட்டாதி வரை சோளகம் வீசும்போது பூநகரி, பளைப் பக்கங்களில் பனங்கூடல்கள் எரியும் செய்தி வந்துகொண்டே இருக்கிறது. மாட்டுக்குப் பசும்புல் வரட்டும் என்றும், வேட்டைக்கு வழி தெரியட்டும் என்றும் வைக்கும் தீ, காய்ந்த கினிப்புல்லிலும் இலுக்கிலும் ஏறினால் கிடுகு வேலிக்கு அதிக தூரமில்லை. 2023 ஓகஸ்ட் 8ஆம் திகதி ஹவாயின் லகைனா நகரம் எரிந்து நூறு பேருக்கு மேல் இறந்ததை நினைவுபடுத்த வேண்டும். அங்கேயும் கினிப்புல்தான். கரும்புத் தோட்டக் கம்பனி 1999இல் மூடப்பட்ட பிறகு, பராமரிப்பாரற்ற தோட்டக் காணிகளை அந்தப் புல் மூடியிருந்தது. தோட்டம் ஆளைக் கொண்டுவந்து, தோட்டம் கைவிட்டுப் போகும் கதை ஜெயபுரத்து மூத்தவர்களுக்குப் புதிதல்ல.

வன்னியில் இதற்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. காட்டுக்குத் தீ வைப்பது 1907ஆம் ஆண்டிலிருந்து நடைமுறையிலுள்ள வனக் கட்டளைச் சட்டப்படி குற்றம். அது சரிதான். ஆனால் காட்டோரக் கிராமத்தவர் காட்டுக்குள் புகை கண்டால் முதலில் நினைப்பது, ஓடிப்போனால் எங்கள்மேல் வழக்கு வருமா என்பதே. அவர்கள் பயிர்செய்த நிலத்தில் போர்க்காலத்தில் மரம் முளைத்தது. பிறகு எல்லைக்கல் நட்டுக் காடு என்றார்கள். எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் எரிகிற தீ யாருடைய தீ? திணைக்கள அதிகாரியும் ஊர்ச் சங்கமும் வழக்கிலும் ஆர்ப்பாட்டத்திலும் மட்டுமே சந்திக்கும் இடத்தில் தீத்தடுப்புப் பாதை வெட்ட யாரும் மண்வெட்டி தூக்கமாட்டார்கள். காணிப் பிணக்கைத் தீர்க்காமல் தீக்குழு அமைப்பது, என்னுடைய கணக்கில், படம் எடுப்பதற்கான கூட்டம் மட்டுமே.

தீயணைப்பைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 2016 செப்ரெம்பர் 16ஆம் திகதி இரவு கிளிநொச்சிப் பொதுச்சந்தை எரிந்தபோது யாழ்ப்பாணத்திலிருந்து வண்டி வரவேண்டியிருந்தது, கடைத்தொகுதி போய்விட்டது. மாவட்டத் தலைநகரின் நிலையே அன்று அதுவாக இருந்ததென்றால் ஜெயபுரத்துக்கு வண்டியை நம்பித் திட்டம் போட முடியாது.

2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் கொழும்பில் ஒரு பேரவையையும் ஒரு நிலையத்தையும் தந்தது. கிராமக் குழுக்கள் பெரும்பாலும் விதானையாரின் கோவையில் வாழ்பவை. வெள்ளம் வந்தால் விழிக்கும், வடிந்தால் உறங்கும். அதிகாரமில்லாத சபையால் என்ன பயன் என்ற கேள்வி நியாயமானது. அல்ரடீனாவின் 16 பேருக்கும் அதே கேள்வி. என் எண்ணம், அதிகாரம் முழுவதும் வேண்டியதில்லை. ஒன்றே ஒன்று போதும். ஊர்க்குழு எழுதி ஊர்க்கூட்டத்தில் வாசித்த பட்டியலைப் பிரதேச செயலகம் முதல் ஆதாரமாக ஏற்க வேண்டும். வீட்டை எரியவிட்டு எழுதுகிற பட்டியலாக அது இருக்கக்கூடாது. இந்தச் சோளகத்துக்கு முன்னமே வளவு வளவாக எழுதலாம்: உறுதி உள்ளவர், பெர்மிட் உள்ளவர், ஒன்றும் இல்லாமல் குடியிருப்பவர், ஒரு கூரைக்குக்கீழ் இரண்டு அடுப்பு வைத்திருக்கும் குடும்பங்கள், படுக்கையில் இருக்கும் முதியவர், கிணறு எங்கே, உழவு இயந்திரமும் தண்ணீர்த் தாங்கியும் யாரிடம் உள்ளன என்று. ஒப்பமிடுபவர்களில் காணியில்லாதவர் ஒருவரும் குடும்பத் தலைவியான பெண்ணொருத்தியும் இருக்க வேண்டும். வனத் திணைக்களத்தின் பகுதி அலுவலரும் அந்தக் கூட்டத்தில் வந்து உட்கார வேண்டும், வழக்குக் கோவையை வீட்டில் வைத்துவிட்டு.

செயலகம் அந்தப் பட்டியலை அப்படியே விழுங்க வேண்டுமென்று சொல்லவில்லை. ஊர்க்குழுவும் ஆளுக்கு ஆள் பார்க்கும், சொந்தக்காரனை நுழைக்கும். செயலகம் ஒரு பெயரைச் சேர்க்கட்டும், ஒன்றை வெட்டட்டும். வெட்டினால் காரணத்தை எழுதி, அலுவலர் ஒப்பத்தோடு, பட்டியல் ஒட்டிய அதே சுவரில் ஒட்டட்டும்.