அம்மாவுக்கு ஒரு லொத்தர் சீட்டு

"அதுதான் சூப்பர் விசா இருக்கே, பிறகென்னத்துக்குப் புலம்புறியள்?"

கனடாவில தாய் தகப்பனை ஸ்பொன்சர் பண்ணுறதைப் பற்றி வாய் திறந்தால் முதலில வாற கேள்வி இது. கேட்கிறது வெள்ளைக்காரர் எண்டு நினைக்காதேங்கோ. நம்மட ஆக்கள்தான். அதிலும் தொண்ணூறுகளில அம்மா, அப்பா, கூடவே கலியாணம் முடிக்காத கடைசித் தம்பி எண்டு மூன்று பேரையும் ஒரே விண்ணப்பத்தில கூப்பிட்டு, இண்டைக்கு ஸ்காபரோவில இருந்து மார்க்கத்துக்கு வீடு மாறிப் போயிருக்கிற ஆக்கள். தாங்கள் ஏறி வந்த ஏணியை இழுத்துக் கராஜுக்குள்ள வைச்சுப் பூட்டிப்போட்டு, கீழே நிற்கிறவனைப் பார்த்து "பொறுமை வேணும் தம்பி" எண்டு சொல்ல எப்பிடித்தான் மனம் வருதோ தெரியேல்லை.

இந்தப் பதிவு அவர்களுக்குத்தான். மற்றவர்களும் வாசிக்கலாம் :-)

கனடாவில் இல்லாத பதிவர்களுக்காக முதலில் சுருக்கமாக முன்கதை. இங்கே 2002 ஜூனில் அமுலுக்கு வந்த குடிவரவுச் சட்டத்தின் நோக்கங்களில் ஒன்று, குடும்பங்கள் கனடாவில் ஒன்றுசேர்வது. இது நான் சொல்லுற கதையில்லை, சட்டத்திலேயே எழுதியிருக்கு. ஆனால் 2011 நவம்பரில், பெற்றோர், பாட்டன் பாட்டிக்கான புதிய விண்ணப்பங்களை எடுப்பதையே அரசு நிறுத்தி வைத்தது. அப்போது வரிசையில் 165,000 பேருக்கு மேல் காத்திருந்தார்கள். வரிசை நீண்டுவிட்டதாம், அதனால் கதவைச் சாத்தினார்களாம். அடுத்த மாதமே ஆறுதல் பரிசாக வந்ததுதான் சூப்பர் விசா.

2014 ஜனவரியில் கதவு திரும்பத் திறந்தது. ஆனால் ஆண்டுக்கு 5,000 விண்ணப்பம்தான். முன்பு ஒரு வருடத்து வருமானம் காட்டினால் போதும். இப்போது தொடர்ந்து மூன்று வருடம், அதுவும் குறைந்த வருமான எல்லைக்கு மேலே இன்னும் 30 சதவீதம். பொறுப்பேற்கும் காலம் 10 வருடத்திலிருந்து 20 வருடமானது. (கியூபெக்கின் கணக்கு வேறு, அதை விடுவம்.) கொரோனாக் காலத்து 2020க்கும் 2021க்கும் அந்த 30 சதவீதத்தை விட்டுக் கொடுத்தார்கள். அதுக்கு நன்றி சொல்லத்தான் வேணும்.

அதுக்குப் பிறகு நடந்ததுதான் கூத்து. எண்ணிக்கை குறைவு எண்டதால ஜனவரி முதல் கிழமையில விண்ணப்பம் போய்ச் சேரவேணும். அதனால 2016இல் கூரியர்காரருக்குக் காசு குடுத்து வரிசையில நிக்க வைச்சுது சனம். இது நியாயமில்லை எண்டு அரசுக்கே விளங்கி, 2017இல் குலுக்கலுக்கு மாறினார்கள். 10,000 இடத்துக்குச் சுமார் 95,000 பேர் பெயர் குடுத்தார்கள். குலுக்கலும் சரியில்லை எண்டு சத்தம் வர, 2019இல் "முதலில் வருபவருக்கு முதலிடம்" எண்டு இணையத்தில படிவத்தைத் திறந்துவிட்டார்கள். ஜனவரி 28, மத்தியானம். 27,000 இடம். ஒரு லட்சம் பேருக்குக் கிட்ட முயற்சி செய்ய, சுமார் பத்து நிமிடத்தில கதவு மூடிப் போச்சு.

பத்து நிமிடம்! வேகமாகத் தட்டச்சு செய்யத் தெரிந்தவனுக்கு அம்மா கிடைத்தாள். பக்டரியில மத்தியானச் சாப்பாட்டு மணி அடிக்கும்வரை போனைத் தொட முடியாதவனுக்கு இல்லை. கை ஏலாதவருக்கு இல்லை. வழக்குப் போட்ட சிலருக்குச் சத்தமில்லாமல் 70 இடம் குடுத்துச் சமரசம் செய்தார்கள் எண்டு பிறகு செய்தி வந்தது. வக்கீல் வைக்க வசதியில்லாதவன் என்ன செய்யிறது?

2020இல் திரும்பவும் குலுக்கல். அக்டோபர் 13 முதல் நவம்பர் 3 வரை, மூன்று கிழமை. சுமார் இரண்டு லட்சம் பேர் பெயர் குடுத்தார்கள். இனித்தான் முக்கியமான விசயம், கவனமாக வாசியுங்கோ. 2021, 2022, 2023, 2024, 2025 எண்டு ஐந்து வருடமும் அதே 2020 பெட்டிக்குள்ள கைவிட்டுத்தான் சீட்டு எடுத்தார்கள். புதுப் பெயர் ஒண்டும் சேர்க்கேல்லை. 2025இல் எடுப்பதாகச் சொன்ன 10,000 விண்ணப்பமும் அந்தப் பழைய பெட்டிக்குள்ள இருந்துதான்.

அப்ப அந்த மூன்று கிழமைக்குப் பிறகு வந்தவன்? 2021இல் நிரந்தர வதிவிடம் கிடைத்தவன்? அவனுக்கு வரிசையும் இல்லை, குலுக்கலும் இல்லை. லொத்தர் விழாதவனுக்குக் கவலைப்படவாவது ஒரு சீட்டு இருக்கு. இவன் கையில சீட்டே இல்லை.

எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படி 2021இல் வந்தவர். இரவு வேலை, நல்ல சம்பளம், வரி ஒழுங்காகக் கட்டுறார், வருமான எல்லையை எப்பவோ தாண்டிவிட்டார். வடமராட்சியில தாய் தனிய. ஒரே பிள்ளை. இரவு வேலைக்கு இடையில கராஜ் கதவுக்கு வெளியே நிண்டு வட்ஸ்அப்பில "அம்மா குளிசை போட்டனீங்களோ?" எண்டு கேட்பார். அங்கே அப்ப காலமை. பக்கத்து வீட்டுப் பிள்ளை போன் பிடிச்சுக் குடுக்கும். அந்தப் பிள்ளையும் இப்ப கொழும்புக்குப் படிக்கப் போகுதாம். இவரைப் பார்த்துத்தான் "பொறுமை வேணும் தம்பி" எண்டு சொன்னவை.

சரி, சூப்பர் விசாவுக்கு வருவம். அதைக் கெட்டது எண்டு நான் சொல்லேல்லை. 10 வருடத்துக்குப் பலமுறை வந்து போகலாம். 2022 ஜூலையிலிருந்து ஒரு முறை வந்தால் 5 வருடம் வரை நிற்கலாம். விருந்தாளிக்கு இது தாராளம். ஆனால் அம்மா விருந்தாளியா?

சூப்பர் விசாவில் வரும் தாய்க்கு ஹெல்த் கார்ட் இல்லை. குறைந்தது 100,000 டொலருக்குத் தனியார் இன்சூரன்ஸ் எடுக்கவேணும், வருடத்துக்கு வருடம். இந்த இன்சூரன்ஸைப் பற்றித் தனிப்பதிவே போடலாம். என்ர அம்மாவுக்கு நான் எடுக்கப் போனபோது கேட்ட முதல் கேள்வி வயசு. இரண்டாவது, பிறஷர், சீனி வருத்தம், இருதயம் ஏதும் இருக்கோ எண்டு. எழுபது தாண்டின எந்தத் தாய்க்கு இதில ஒண்டாவது இல்லை? இருக்கிற வருத்தம் கடைசிச் சில மாதமாக ஏற்ற இறக்கமில்லாமல் இருந்திருக்கவேணுமாம். குளிசையின் அளவை டொக்டர் மாற்றியிருந்தாலே அதுவும் "மாற்றம்" கணக்கில வந்துவிடுமாம். ஆக எந்த வருத்தத்துக்காக நாங்கள் பயப்படுறமோ, அந்த வருத்தத்துக்கு மட்டும் காப்புறுதி இல்லை. மிச்ச எல்லாத்துக்கும் உண்டு! வயசு கூடக் கூடப் பிரீமியமும் ஏறும். ஒரு கட்டத்தில கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "நான் ஊருக்கே போறன் மோனை" எண்டு தாயே சொல்லுவா. பிள்ளைக்குச் செலவு வைக்கக்கூடாது எண்டு. இதையும் "விரும்பித்தான் திரும்பிப் போனவ" எண்டு கதைக்கிற சனம் இருக்கு.

அடுத்தது, "கிழடுகள் வந்து ஆசுப்பத்திரியை நிரப்புதுகள், வந்து இறங்கின கையோட பென்சன் எடுக்குதுகள்" எண்ட அலட்டல். தமிழ் வானொலியில கூட இதைக் கேட்டிருக்கிறன். முதலில பென்சன்: முதியோர் பென்சனுக்கு 65 வயசும் வேணும், கனடாவில் குறைந்தது 10 வருடம் வாழ்ந்திருக்கவும் வேணும். எழுபதில வாற தாய்க்கு எண்பதிலதான். வெல்ஃபேர் எடுத்தால்? 20 வருடத்துக்குக் கையெழுத்துப் போட்ட பிள்ளை அந்தக் காசைத் திருப்பிக் கட்டவேணும். இது சும்மா மிரட்டலோ எண்டு பார்க்கச் சிலர் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2011இல் வந்த தீர்ப்பு, கடன் கடன்தான் எண்டு சொல்லிவிட்டது. தவணை தரலாம், தள்ளுபடி இல்லை.

ஆசுப்பத்திரிச் செலவு உண்மைதான், வயசானால் வருத்தம் வரும். ஆனால் கணக்கை ஒரு பக்கம் மட்டும் எழுதாதேங்கோ. ஸ்காபரோவில காலமை எட்டு மணிக்கு எந்தப் பள்ளிக்கூட வாசலிலயும் போய் நிண்டு பாருங்கோ. குளிருக்குள்ள சீலைக்கு மேல கோட்டுப் போட்டு, ஒரு கையில பேரப்பிள்ளை, மற்றக் கையில அதின்ர பை. அந்த அம்மம்மா இல்லாட்டில் அந்த வீட்டில ஒரு ஆள் வேலைக்குப் போகேலாது. அவவுக்குச் சம்பளம் இல்லை, லீவு இல்லை, எந்தப் புள்ளிவிபரத்திலயும் பெயர் இல்லை. அவவால வேலைக்குப் போற மகள் கட்டுற வரி மட்டும் கணக்கில வருது.

(அம்மாவை ஆயாவாக மட்டும் கூப்பிடுகிற பிள்ளைகளும் இருக்கினம். பிள்ளை வளர்ந்ததும் பேஸ்மென்டில விட்டுப்போட்டு, கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போக ஆளில்லாமல் வைச்சிருக்கிறவை. அவைக்கும் ஒரு பதிவு பாக்கி இருக்கு. ஆனால் அதுக்காக மற்றவன்ர தாயை வரவிடாமல் தடுக்கிறது என்ன நியாயம்?)

"மற்ற நாட்டில இதைவிட மோசம்" எண்டு ஒரு வாதமும் வரும். உண்மைதான். பிரித்தானியாவில் 2012 ஜூலைக்குப் பிறகு, காசு கட்டினாலும் சொந்த நாட்டில பராமரிக்க ஆளில்லை எண்டு நிரூபித்தால்தான் தாய்க்கு விசா. அவ்வளவு ஏலாமல் போன ஆள் பிளேன் ஏறுறதே கஷ்டம். அவுஸ்திரேலியாவில ஆளுக்கு 40,000 டொலருக்கு மேல கட்டினால் ஒரு வரிசை, கட்டாவிட்டால் முப்பது வருடத்துக்கு மேல போகிற இன்னொரு வரிசை. எழுபது வயசுத் தாய்க்கு முப்பது வருடம்! ஆனால் அமெரிக்காவைப் பாருங்கோ. குடிவரவு விசயத்தில நல்ல பெயர் எடுத்த நாடில்லை. எண்டாலும் 21 வயசு தாண்டின குடிமகன் தாய் தகப்பனைக் கூப்பிட்டால் அதுக்கு எண்ணிக்கை வரம்பே இல்லை, கணவன் மனைவிக்குச் சமமான இடம். அந்த நாடு அதால கவிண்டு போகேல்லை.

அரசிடம் நான் கேட்கிறது பெரிய விசயம் இல்லை. எல்லாருக்கும் நாளைக்கே விசா தா எண்டு கேட்கேல்லை. ஒரு வரிசை வை. திகதிப்படி வை, வயசு கூடினவவுக்கும் தனிய இருக்கிறவவுக்கும் முன்னுரிமை குடு. பத்து வருடம் எடுக்குமெண்டால் பத்து வருடம் எண்டு சொல்லு. அதை வைச்சு ஒரு குடும்பம் முடிவெடுக்கும், ஊரில காணியை விற்கிறதோ, ஆள் வைச்சுப் பார்க்கிறதோ, தான் திரும்பிப் போறதோ எண்டு. குலுக்கலில் முடிவெடுக்க ஏலாது. 2020இல் எழுபது வயசாக இருந்த தாய் இண்டைக்கு எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டா, சீட்டு இன்னும் பெட்டிக்குள்ள. எத்தனை சீட்டுக்குரிய தாய்மார் இப்ப உயிரோட இல்லையோ?

மருத்துவச் செலவுதான் பயமெண்டால் அதுக்கும் வழியிருக்கு. தனியார் கொம்பனிக்குக் கட்டுற பிரீமியத்தை மாகாணத்தின் மருத்துவத் திட்டத்துக்கே கட்ட விடுங்கோ. நான் கட்டத் தயார், எனக்குத் தெரிந்த எல்லாரும் தயார். ஆசுப்பத்திரிக்கும் காசு வரும், இருதய வருத்தக்காரிக்கும் காப்புறுதி இருக்கும். இதைத் தேர்தல் நேரத்தில கும்பிட்டுக்கொண்டு வாசலுக்கு வந்த ஒரு ஆளிட்டை கேட்டன். "நல்ல யோசனை" எண்டு சொல்லிப்போட்டு அடுத்த வீட்டு மணியை அடிக்கப் போயிட்டார்.

பொங்கலுக்கு வேட்டியோட வந்து வணக்கம் சொல்லுற அரசியல்வாதிகளிட்டை நம்மட சங்கங்கள் மேடையும் மாலையும் குடுக்குது. ஒரு தரமாவது ஒலிவாங்கியைப் பிடிச்சு "2020 பெட்டியை எப்ப மூடுவியள், புது வரிசையை எப்ப திறப்பியள்?" எண்டு கேட்டால் என்ன குறைஞ்சு போகும்? படம் எடுக்கிறதுக்கு முதல் கேளுங்கோ, எடுத்தாப் பிறகு ஆள் நிற்கமாட்டார்.

பி.கு: அவுஸ்திரேலியா, நோர்வே, சுவிஸ் பதிவர்கள் உங்கட நாட்டு நடைமுறையைப் பின்னூட்டத்தில எழுதுங்கோ. "சூப்பர் விசா போதும்" எண்டு எழுத வாறவை, உங்கட அம்மா எந்த வருடம், எந்த விசாவில வந்தவ எண்டதையும் சேர்த்து எழுதினால் வாசிக்க வசதியாக இருக்கும்.