சுரங்கத்தை நீட்டுவோர் மூடும் செலவை முதலில் கட்டட்டும்

செராஸில் ஒரு வீட்டில் மின்விசிறி சுழல்கிறது என்றால், அதற்குப் பின்னால் எங்கோ நிலக்கரி எரிகிறது. தீபகற்ப மலேசியாவின் மின்சாரத்தில் ஏறக்குறைய பாதி நிலக்கரியிலிருந்து வருகிறது. கிள்ளானை அடுத்த காப்பார், பேராக்கின் மஞ்சோங், நெகிரி செம்பிலானின் ஜிமா, ஜொகூரின் தஞ்சோங் பின் ஆகிய மின் நிலையங்களின் கொதிகலன்களுக்குப் போகும் நிலக்கரி நம் மண்ணில் தோண்டப்பட்டதல்ல. பெரும்பங்கு இந்தோனேசியாவிலிருந்தும் அடுத்து ஆஸ்திரேலியா முதலிய நாடுகளிலிருந்தும் கப்பலில் வருகிறது. எனவே அங்கே ஒரு சுரங்கம் விரிவாக்கப்படுகிறது என்ற செய்தியை நாம் வெளிநாட்டுச் செய்தி என்று தள்ளிவிட முடியாது. வாங்குகிறவனுக்கும் அதில் பங்கு உண்டு.

2024 செப்டம்பரில் ஆஸ்திரேலிய மத்திய அரசு மூன்று நிலக்கரிச் சுரங்கங்களின் விரிவாக்கத்துக்கு ஒப்புதல் தந்தது. அவற்றுள் ஒன்று நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் உள்ள நராபிரி நிலத்தடிச் சுரங்கம். 2031இல் முடிய வேண்டிய அதன் ஆயுளை 2044 வரை நீட்டும் திட்டம் அது. நம் நாடு தன் கடைசி நிலக்கரி மின் நிலையத்தை மூடுவதற்கு வைத்திருக்கும் இலக்கு ஆண்டும் அதே 2044தான். வாங்குகிறவர்கள் வாங்குவதை நிறுத்தப்போகும் காலம் வரைக்கும் தோண்டுவதற்கு அனுமதி வாங்கி வைத்தாயிற்று. அதற்குப் பிறகு அந்தச் சுரங்கத்தை யார் பார்த்துக்கொள்வது? என் கவலை எல்லாம் இந்தக் கேள்வியைப் பற்றியது.

நிலத்தடிச் சுரங்கம் என்றதும் நமக்கு எம்ஆர்டி சுரங்கப்பாதை நினைவுக்கு வரலாம். செமந்தானிலிருந்து மலூரி வரை 9.5 கிலோமீட்டர் தூரத்துக்கு நகரத்தின் அடியில் ரயில் ஓடுகிறது. தோண்டத் தோண்டச் சுற்றிலும் கான்கிரீட் வளையங்கள் பொருத்தப்பட்டன. அந்தப் பாதை எங்கே, எந்த ஆழத்தில் போகிறது என்பதற்கு வரைபடம் இருக்கிறது. அதைப் பராமரிக்க ஒரு நிறுவனமும் இருக்கிறது. நிலக்கரிச் சுரங்கம் இதற்கு நேர்மாறானது. அங்கே பாதை நிலைத்து நிற்பது நோக்கமன்று. கரியை எடுப்பதுதான் நோக்கம்.

கரியை எடுக்க இரண்டு முறைகள் பெரிதும் கையாளப்படுகின்றன. பழைய முறை அறை–தூண் முறை. கரிப் படலத்தில் அறை அறையாக வெட்டிக்கொண்டு போவார்கள். இடையிடையே கரியையே தூண்களாக விட்டுவைப்பார்கள். இப்போது பெரிய சுரங்கங்களில் நடப்பது நீள்சுவர் முறை. சில நூறு மீட்டர் அகலமும் சில கிலோமீட்டர் நீளமும் கொண்ட கரிப் பாளத்தை ஓர் இயந்திரம் சீவிச் சீவி எடுக்கும். அது முன்னே நகர நகர, மேற்கூரையைத் தாங்கி நின்ற நீரழுத்தத் தாங்கிகளும் உடன் நகரும். பின்னால் விட்ட இடத்தில் கூரை இடிந்து விழும். அது விபத்தல்ல. விழ வேண்டும் என்றே அந்த முறை வகுக்கப்பட்டிருக்கிறது.

கூரை விழுந்தால் அதன் மேலுள்ள பாறை அடுக்குகள் வளையும், விரிசல் விடும். கடைசியில் தரைமட்டமும் இறங்கும். எடுக்கப்பட்ட படலத்தின் தடிப்பில் பாதிக்கும் மேல் தரை இறங்குவது உண்டு. வயல் நடுவே பள்ளம் விழுந்து தண்ணீர் தேங்கும். ஓடையின் அடியில் விரிசல் விழுந்து நீர் கீழே வடிந்துவிடும். நீள்சுவர் முறையில் இந்தச் சரிவின் பெரும்பகுதி சில மாதங்களில் நடந்து முடிகிறது. எங்கே, எவ்வளவு என்று ஓரளவு முன்கூட்டிக் கணக்கிடவும் முடியும். அறை–தூண் முறையில் ஆபத்து தூங்கிக் கிடக்கும். தூண்கள் பல பத்தாண்டுகள் தாங்கி நின்று, நீரில் ஊறி, நலிந்து, எவரும் எதிர்பாராத ஒரு நாளில் நொறுங்கும்.

அடுத்தது தண்ணீர். சுரங்கத்தில் ஊறும் நீரை இரவு பகலாக இறைத்தால்தான் உள்ளே வேலை நடக்கும். அப்படி இறைக்கும்போது சுற்றுவட்டாரத்தின் நிலத்தடி நீர்மட்டம் தாழ்கிறது. கிணறுகள் வற்றுகின்றன. சுரங்கத்தை மூடி இறைப்பதை நிறுத்தியதும் நீர் மறுபடி ஏறும். ஆனால் போன நீர் அப்படியே திரும்பி வருவதில்லை. கரியோடும் பாறையோடும் கலந்திருக்கும் பைரைட் என்ற இரும்பு–கந்தகக் கனிமம் காற்றும் நீரும் பட்டதும் கந்தக அமிலத்தை உண்டாக்குகிறது. செம்பழுப்பு நிறத்தில் இரும்புக் கசடோடு அந்த நீர் ஆற்றில் கலந்தால், மீன் முதல் பாசி வரை தாங்காது.

மூன்றாவது மீத்தேன். கரிப் படலத்துக்குள் அடைபட்டிருக்கும் இந்த வாயு, 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவைவிடச் சுமார் 80 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். பொதுவாக ஆழம் கூடக் கூட வாயுவும் கூடும். சுரங்கத்துக்குள் அது வெடிக்கும் என்பதால் பெரிய விசிறிகள் வைத்து வெளியே தள்ளிவிடுகிறார்கள். உள்ளே இருப்பவருக்கு அது பாதுகாப்பு. வெளியே வானத்துக்கோ அது சுமை.

விரிவாக்கத்துக்கு அனுமதி கேட்பவர்கள் வழக்கமாகச் சொல்வது இதுதான்: “இது புதிய சுரங்கம் அல்ல. சாலை இருக்கிறது, ரயில் பாதை இருக்கிறது, ஆட்கள் இருக்கிறார்கள். கொஞ்சம் நீட்டுகிறோம், அவ்வளவுதான்.” இதில் உண்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். புதிய இடத்தில் காட்டை வெட்டி வழி போடுவதைவிட இருக்கும் வாசல் வழியாகவே உள்ளே போவது மேற்பரப்புக்குக் குறைந்த சேதம். திறந்தவெளிச் சுரங்கம் மலையையே உரித்தெடுக்கும். நிலத்தடிச் சுரங்கம் அப்படிச் செய்வதில்லை. ஆனால் நிலத்தடி நீருக்குப் பழைய பகுதி, புதிய பகுதி என்ற வேறுபாடு தெரியாது. இருபது ஆண்டு இறைத்ததன் மேல் இன்னும் பத்துப் பதின்மூன்று ஆண்டு இறைப்பதன் விளைவு ஒன்றுசேர்ந்துதான் கிணற்றில் தெரியும். நீட்டிக்கப்படும் பகுதியை மட்டும் தனியாக எடுத்து மதிப்பிட்டால் ஒவ்வொரு முறையும் பாதிப்பு சிறிதாகவே தோன்றும். சிறிது சிறிதாகக் கூடிப் பெரிதானதை யாருமே மதிப்பிட்டிருக்க மாட்டார்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. ஒவ்வொரு நீட்டிப்பும் மூடும் நாளைத் தள்ளிப்போடுகிறது. நிலத்தைச் சீர்படுத்தும் வேலையும் அதற்கான செலவும் அதோடு தள்ளிப்போகின்றன. அந்த நாள் வரும்போது நிறுவனம் கைமாறியிருக்கலாம், கரியின் விலை விழுந்திருக்கலாம், நிறுவனமே இல்லாமலும் போயிருக்கலாம்.

இது வெறும் ஊகம் என்று நினைப்பவர்கள் ரவாங்குக்குப் பக்கத்தில் உள்ள பத்து ஆராங்குக்கு ஒருமுறை போய்வரலாம். மலாய் மொழியில் அந்தப் பெயருக்கு நிலக்கரி என்றே பொருள். மலாயன் கோலியரிஸ் நிறுவனம் 1915 முதல் அங்கே கரி எடுத்தது. நிலத்தடிச் சுரங்கங்களும் இருந்தன, திறந்தவெளிக் குழிகளும் இருந்தன. மலாயா ரயில்வேயின் இஞ்சின்கள் அந்தக் கரியில் ஓடின. கோலாலம்பூருக்கு விளக்கேற்றிய பங்சார் மின் நிலையத்தில் அந்தக் கரி எரிந்தது. சீனத் தொழிலாளர்களும் நம் தமிழ்த் தொழிலாளர்களும் அங்கே உழைத்தார்கள். 1937 மார்ச்சில் ஆயிரக்கணக்கானோர் வேலைநிறுத்தம் செய்து சுரங்கத்தையே கைப்பற்றியபோது காலனி அரசு ஆடிப்போனது. நாட்டின் மூச்சு அந்தக் குழிக்குள் இருந்ததே காரணம். ஜப்பானியர் காலத்தில் சுரங்கம் அவர்கள் கைக்குப் போனது, போருக்குப் பின் திரும்பி வந்தது. எண்ணெய் கரியின் இடத்தைப் பிடித்துக்கொண்டதும் 1960இல் சுரங்கம் மூடப்பட்டது. 45 ஆண்டுகளில் எடுக்கப்பட்ட கரி ஏறத்தாழ 15 மில்லியன் டன்.

மூடி அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. திறந்தவெளிக் குழிகள் குளங்களாகக் கிடக்கின்றன. ஊருக்கு அடியில் பழைய சுரங்கப்பாதைகள் இன்னும் இருக்கின்றன. இலாபத்தைப் பார்த்த நிறுவனம் இல்லை. பங்கு ஈவு வாங்கியவர்கள் இல்லை. ஆனால் அங்கே ஏதாவது கட்ட நினைப்பவர், கீழே வெற்றிடம் இருக்கிறதா என்று இன்றும் யோசிக்க வேண்டியிருக்கிறது. அதை ஆராய்ந்து சொல்லும் பொறுப்பும் செலவும் அரசின் தலையில், அதாவது நம் தலையில்.

காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரியாமல் இருப்பதன் பொருள் என்ன என்பதைக் கோலாலம்பூர்வாசிகளுக்கு விளக்க வேண்டியதில்லை. 2024 ஆகஸ்ட் 23ஆம் நாள் மஸ்ஜிட் இந்தியா சாலையில் நிலம் உள்வாங்கி, நடந்துபோன ஒரு பெண்ணை விழுங்கியது. அதற்கும் நிலக்கரிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் அன்று நாம் எல்லாரும் கேட்ட கேள்வி, பழைய சுரங்கத்தின் மேல் வாழ்கிறவர்களின் அன்றாடக் கேள்வி.

சுரங்கம் நம் நாட்டில் பழங்கதையும் அல்ல. சரவாக்கில் இன்றும் கரி எடுக்கப்படுகிறது. 2014 நவம்பரில் ஸ்ரீ அமான் பகுதியில் உள்ள செலாந்திக் நிலத்தடிச் சுரங்கத்தில் வெடிவிபத்து நடந்தது. மாண்டவர்களில் வட கொரியர், இந்தோனேசியர், மியன்மார்க்காரர் ஆகியோர் இருந்தனர். ஊர்விட்டு ஊர் வந்து உழைப்பவனே குழிக்குள் இறங்குகிறான் என்பது பத்து ஆராங் காலத்திலிருந்து மாறவில்லை.

பொறுப்பை முன்கூட்டியே கட்டிப்போட முடியும் என்பதற்கு வெளிநாடுகளில் சான்றுகள் உண்டு. பிரிட்டனில் 1872இல் வந்த சட்டம், கைவிடப்படும் சுரங்கத்தின் வரைபடத்தை அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்றது. இன்றும் அங்கே கரிவயல் பகுதியில் வீடு வாங்குகிறவர், அடியில் பழைய சுரங்கம் உண்டா என்று அறிக்கை கேட்டுப் பெறலாம். நியூ சவுத் வேல்ஸில் சுரங்கத்தால் வீடு சேதமானால் இழப்பீடு தருவதற்குத் தனிச் சட்டமே இருக்கிறது. ஜெர்மனியின் ரூர் பகுதியில் கடைசிச் சுரங்கம் 2018 டிசம்பரில் மூடப்பட்டது. அங்கே சில இடங்களில் தரை 20 மீட்டருக்கும் மேல் தாழ்ந்துவிட்டதால், நீரை இறைத்துக்கொண்டே இருக்காவிட்டால் ஊர்கள் ஏரியாகிவிடும். அந்த வேலைக்கு முடிவே கிடையாது. அதனால் சுரங்கங்கள் மூடப்படும் முன்பே, 2007இல், ஓர் அறக்கட்டளையை நிறுவி அதற்கு முதல் சேர்த்து வைத்தார்கள். இன்று இறைக்கும் செலவு அதிலிருந்து போகிறது.

இதிலிருந்து நாம் வைக்க வேண்டிய நிபந்தனைகள் தெளிவானவை. சுரங்கத்தை நீட்டும்போது புதிய பகுதியை மட்டுமல்ல, பழையதையும் சேர்த்து முழுச் சுரங்கத்தின் பாதிப்பையும் மதிப்பிட வேண்டும். தோண்டும் முன்பே மழைக்காலம், வறட்சிக் காலம் இரண்டிலும் நிலத்தடி நீரை அளந்து அந்தக் கணக்கை மக்கள் பார்க்கும்படி வைக்க வேண்டும். பிறகு கிணறு வற்றினால் “அது முன்பே அப்படித்தான்” என்று எவரும் சொல்ல முடியாது. ஆற்றுக்கும் குடியிருப்புக்கும் அடியில் கரியை எடுக்காமல் விட்டுவைக்க வேண்டும். மீத்தேனைக் கரி வெட்டும் முன்பே துளையிட்டு எடுத்துப் பயன்படுத்த வேண்டும். முடியாவிட்டால் எரித்துவிட வேண்டும். எவ்வளவு வெளியேறுகிறது என்பதை உத்தேசமாகச் சொல்லாமல் கருவி வைத்து அளக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மூடுவதற்கான பணத்தை ஒவ்வொரு நீட்டிப்பின்போதும் புதிதாகக் கணக்கிட்டு, அனுமதி தரும் அன்றே பிணைத்தொகையாக வாங்கிக்கொள்ள வேண்டும். வரைபடமும் அரசு ஆவணக் காப்பகத்துக்கு வந்துவிட வேண்டும்.

சரவாக்கில் இவற்றைச் சட்டமாக்குவது நம் கையில் இருக்கிறது. நிலமும் சுரங்கமும் மாநில அதிகாரத்தில் இருப்பதால் மாநில அரசு நினைத்தால் நடக்கும். ஆஸ்திரேலியாவிலும் இந்தோனேசியாவிலும் நாம் சட்டம் போட முடியாது. ஆனால் அங்கே நாம் வாடிக்கையாளர்கள். தீபகற்பத்தின் மின் நிலையங்களுக்கு நிலக்கரி வாங்கித் தருவது தெனாகா நேஷனலின் துணை நிறுவனமான டிஎன்பி ஃபியூவல் சர்வீசஸ். எந்தச் சுரங்கத்திலிருந்து எவ்வளவு வாங்கப்படுகிறது, அந்தச் சுரங்கத்துக்கு மூடும் பிணைத்தொகை கட்டப்பட்டிருக்கிறதா என்பதை அது ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்று கேட்பது அதிகப்படியான கோரிக்கை அல்ல. மீன் வாங்கும்போதே எங்கே பிடித்தது என்று கேட்கிறோம்.

இதனால் கரியின் விலை கூடும், மின்கட்டணம் ஏறும் என்று சிலர் சொல்வார்கள். சற்றுக் கூடலாம். ஆனால் அந்தச் செலவு இப்போது இல்லாமல் இல்லை. கிணறு வற்றிய விவசாயியும், வீட்டுச் சுவர் வெடித்த குடும்பமும், இன்னும் பிறக்காத வரி செலுத்துவோரும் அதை நமக்காகக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். 2044இல் நாம் கரியை விட்டுவிடுவோம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். அதுவரை நாம் எரிக்கப்போகும் ஒவ்வொரு டன்னுக்கும் எங்கோ ஒரு வெற்றிடம் நிலத்துக்கு அடியில் மிஞ்சும். அதன் கணக்கை, நிறுவனங்கள் உயிரோடு இருக்கும்போதே தீர்த்துக்கொள்வது நல்லது. பத்து ஆராங்கில் அப்படித் தீர்க்கவில்லை.