செய்தி வந்த வேகமும் தீர்ப்பு வந்த நாளும்

 

2025 ஜூலை 17 அன்று தில்லி உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பை வழங்கியது. 2020 மார்ச்சில் நிஜாமுத்தீன் மர்கஸுக்கு வந்திருந்த வெளிநாட்டுச் சகோதரர்களுக்குத் தங்க இடம் கொடுத்தார்கள் என்று குற்றஞ்சாட்டப்பட்ட 70 இந்தியர்கள் மீதான 16 வழக்குகளையும் நீதிபதி நீனா பன்சல் கிருஷ்ணா ரத்து செய்தார். அவர்கள் ஊரடங்கு அறிவிக்கப்படுவதற்கு முன்பே வந்து சேர்ந்தவர்கள். வழிகள் யாவும் அடைபட்ட பிறகு அவர்கள் எங்கே போவார்கள் என்பதே அத்தீர்ப்பின் சாரம். ஐந்து ஆண்டுகளும் சில மாதங்களும் கழித்து வந்த இந்த நீதியை நம் வீடுகளில் எத்தனை பேர் அறிந்திருக்கிறோம்? எங்கள் மக்தபில் பெரிய பிள்ளைகளிடம் கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. "கொரோனாவைப் பரப்பியவர்கள்" என்று நம்மைச் சொன்னது மட்டும், அப்போது தொட்டிலில் கிடந்த பிள்ளைக்குக்கூடத் தெரிந்திருக்கிறது.

அந்த நாள்களை நான் மறக்கவில்லை. ஏப்ரல் மாத வெயில். பசுவந்தனையில் ரேஷன் கடை வரிசையில் நின்றிருந்தேன். இருபது ஆண்டுகளாகப் பழகிய ஒருவர் இரண்டடி விலகி நின்று, "பாய், நீங்க டெல்லிக்குப் போய்ட்டு வந்தீகளா?" என்று கேட்டார். நான் மதுரையைத் தாண்டி ஓராண்டாகியிருந்தது. அவர் தீயவர் அல்லர். என் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட ஓர் இரவில் தம் வண்டியில் கோவில்பட்டிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர். காலை முதல் இரவு வரை அவர் வீட்டுத் தொலைக்காட்சி சொன்னதையே அவர் வாய் திருப்பிச் சொன்னது.

தொற்று பரவியது பொய் என்று நான் சொல்ல வரவில்லை. மர்கஸில் கூடியவர்களிடையே நோய் பரவியது. அதில் உயிரிழந்தவர்களும் உண்டு. கொள்ளைநோய் கண்ட ஊருக்குள் நுழையாமலும், அங்கிருந்து வெளியேறாமலும் இருக்கச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் உம்மத்தாகிய நாம், கூட்டத்தை இன்னும் முன்னதாகவே கலைத்திருக்கலாம் என்பது என் கருத்து. இதைச் சொல்வதால் சிலருக்கு வருத்தம் ஏற்படலாம். ஆனால் கவனக்குறைவு வேறு, சதி வேறு. முன்னதைப் பின்னதாக மாற்றிக் காட்டியதே அன்று நடந்த அநியாயம். நோய்க்கு "ஜிஹாத்" என்று பெயர் சூட்டினார்கள்.

எண்களைக் கொண்டு அதை எப்படி நடத்தினார்கள் என்பதைக் கவனியுங்கள். 2020 ஏப்ரல் 18 அன்று ஒன்றிய சுகாதார அமைச்சகம், நாட்டில் மொத்தம் 14,378 தொற்றாளர்கள் என்றும், அவர்களில் 4,291 பேர் ஒரே நிகழ்வோடு தொடர்புடையவர்கள் என்றும் அறிவித்தது. எண் பிழையாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் அந்நாளில் பரிசோதனைக் கருவிகள் அரிது. மர்கஸுக்குச் சென்றவர்களையும் அவர்களோடு பழகியவர்களையும் ஊர் ஊராகத் தேடிப் பரிசோதித்தார்கள். மற்றவர்களை அப்படித் தேடவில்லை. எந்தக் கிணற்றில் வாளி விட்டோமோ அந்தக் கிணற்றிலிருந்துதானே தண்ணீர் வரும்? இந்த ஒரு வரி விளக்கத்தை அன்றைய விவாத மேடைகள் பெரும்பாலும் சொல்லவில்லை. தமிழக அரசின் அன்றாட அறிவிப்பில் "தில்லி மாநாடு" என்றிருந்தது பின்னர் "ஒற்றை மூலம்" என்றாயிற்று. பெயர் மாறினாலும் அது யாரைச் சுட்டுகிறது என்பது ஊரறிந்ததாகவே இருந்தது. நோய்க்கு மதச்சாயம் பூச வேண்டாம் என்று அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி கேட்டுக்கொண்டதையும் இங்கே நேர்மையாகக் குறிப்பிட வேண்டும்.

பிறகு நீதிமன்றங்கள் பேசத் தொடங்கின. 2020 ஆகஸ்ட் 21 அன்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு வெளிநாட்டினர் மீதான வழக்குகளை ரத்து செய்து, இவர்கள் பலிகடாக்களாக்கப்பட்டிருக்கிறார்கள் என்று கூறி ஊடகங்களின் பரப்புரையையும் கண்டித்தது. அதே ஆண்டு டிசம்பர் 15 அன்று தில்லி நீதிமன்றம் 14 நாடுகளைச் சேர்ந்த 36 பேரை விடுவித்தது. அவர்கள் மர்கஸில் இருந்தார்கள் என்பதையே அரசுத் தரப்பால் நிறுவ முடியவில்லை. இடையில், நோயிலிருந்து மீண்ட ஜமாஅத்துச் சகோதரர்கள் பிறர் உயிர்காக்கத் தங்கள் பிளாஸ்மாவைக் கொடுத்தார்கள். இவற்றுக்கெல்லாம் நாளிதழின் உள்பக்கத்தில் ஒரு மூலை கிடைத்தது.

ஊடகத்தைக் குறை சொல்வது எளிது. நாம் அதைச் சலிக்காமல் செய்கிறோம். நம் கையிலிருக்கும் ஊடகத்தைப் பற்றி இப்போது சொல்ல வேண்டியிருக்கிறது.

ஹுஜுராத் அத்தியாயத்தின் ஆறாம் வசனத்தை மாணவர்களுக்கு நடத்தும்போதெல்லாம் ஒரு சொல்லில் நின்றுவிடுவேன். நம்பகமற்றவர் கொண்டுவரும் செய்தியைக் குறித்து அல்லாஹ் இட்ட கட்டளை, நாம் ஓதும் கிராஅத்தில் "ஃபதபய்யனூ" என்று வருகிறது. தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள் என்பது பொருள். ஹம்ஸா, கிஸாயீ ஆகியோரின் கிராஅத்தில் அது "ஃபதஸப்பதூ". அவசரப்படாமல் நிதானித்து நில்லுங்கள் என்பது பொருள். இரண்டும் சேர்ந்தால்தான் பாடம் முழுமையாகிறது. விசாரிக்க வழி இருந்தால் விசாரி. வழி இல்லையென்றால் நில். பனூ முஸ்தலிக் கூட்டத்தார் ஸகாத் தர மறுத்துவிட்டார்கள் என்று ஒருவர் கொண்டுவந்த தவறான செய்தியை ஒட்டியே இவ்வசனம் இறங்கியதாக விரிவுரையாளர்கள் எழுதுகிறார்கள். விசாரிக்காமல் விட்டிருந்தால் ஒரு கூட்டத்தின் மீதே படை பாய்ந்திருக்கும். அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் மீது அவதூறு கிளம்பியபோது மதீனா ஒரு மாதம் கொந்தளித்தது. அந்த வாய்களில் சில ஈமான் கொண்ட வாய்கள்.

அந்த ஏப்ரலில் எனக்கு ஒரு குரல் பதிவு வந்தது. தனிமைப்படுத்தப்பட்ட நம் சகோதரர்களுக்கு ஒரு மருத்துவமனையில் இரண்டு நாளாக உணவே தரவில்லை என்று ஒருவர் அழுதுகொண்டே பேசினார். தொப்பி அணிந்த நம்மவர் குரல். நம்பாமல் எப்படி இருப்பது? என் கண்களும் கலங்கின. மூன்று குழுக்களுக்கு அனுப்பினேன். "ஹஜ்ரத்தே அனுப்பியிருக்கிறார்கள்" என்ற சான்றோடு அது எங்கெங்கோ போயிற்று. மறுநாள் அதே மருத்துவமனையில் இருந்த எங்கள் உறவினர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "மாமு, மூணு வேளையும் சாப்பாடு வருது. நர்ஸம்மா நோன்பு எப்பத் தொடங்குதுன்னு விசாரிச்சுக்கிட்டுப் போறாங்க. யாரு இப்படிக் கிளப்பிவிட்டது?" என்றார். கிளப்பிவிட்டவர்களில் நானும் ஒருவன் என்று அவரிடம் சொல்ல நாக்கு எழவில்லை.

காதில் விழுந்ததையெல்லாம் பேசித் திரிவதே ஒருவரைப் பொய்யராக்கப் போதும் என்ற கருத்தில் அமைந்த நபிமொழியை இமாம் முஸ்லிம் தம் தொகுப்பின் முன்னுரையிலேயே பதிந்திருக்கிறார்கள். அதை ஆண்டுதோறும் பாடமாக நடத்துபவன் நான்.

நமக்கு எதிரான பொய்யை மட்டுமே நாம் பொய்யாகக் காண்கிறோம். நமக்கு ஆதரவான பொய் கண்ணீரோடு வருவதால் அதை இரக்கம் என்று எண்ணிவிடுகிறோம். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொலிகள் பரவின. அஞ்சிய தொழிலாளர்கள் ஊருக்கு ரயிலேறினார்கள். அவற்றைப் பகிர்ந்தவர்களில் பலரும் தம் மக்களின் மீதுள்ள பாசத்தால்தான் பகிர்ந்திருப்பார்கள்.

குரல் பதிவை நீக்கிவிட்டு, "நேற்று நான் அனுப்பியது தவறான செய்தி, அல்லாஹ்வுக்காக மன்னியுங்கள்" என்று மூன்று குழுக்களிலும் எழுதினேன். ஒரு குழுவில் நான்கு பேர் "ஜஸாகல்லாஹ்" என்றார்கள். ஒருவர், உங்களை யாரோ மிரட்டிவிட்டார்களா என்று தனியாகக் கேட்டார். எட்டு மாதம் கழித்து, கயத்தாற்றில் ஒரு திருமண வீட்டில் அந்தக் குரல் பதிவை எனக்கே ஒருவர் போட்டுக் காட்டினார்.