ஓடுகிற மெஷினைக் குப்பையில் போடு என்கிறார்கள்!

நூல் மில் தொழிலாளி ஒருவர் மகளுடைய லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சங்க ஆபீசுக்கு வந்தார். 2018-ல் பிளஸ் டூ படிக்கையில் சர்க்கார் கொடுத்தது. திறக்கவே பத்து நிமிடம் ஆகிறதாம். "இது தேறாதுண்ணே, புதுசு எடுங்க, தவணையில தர்றோம்" என்றாராம் கடைக்காரர். தவணை என்றால் என்ன? இன்னும் வாங்காத கூலியை அடகு வைப்பது!

தோழர்களே! ஸ்பிண்டில் தேய்ந்தால் பிரேமையே பழைய இரும்புக்குப் போடுகிறானா மில் முதலாளி? முப்பது வருஷத்து மெஷினையும் பிட்டரை வைத்து ஓட்டி லாபம் எடுக்கிறான். பம்புசெட் மோட்டார் புகைந்தால் காயில் கட்டி மறுபடி கிணற்றில் இறக்குகிறோம். லேப்டாப்புக்கு மட்டும் ஏன் இந்த அற்பாயுள்?

தந்திரம் பழையது. 1924-ல் ஓஸ்ராம், பிலிப்ஸ் முதலிய பல்பு முதலாளிகள் ஜினீவாவில் கூடி, பல்பு ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் எரியக் கூடாதென்று ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். அதிக நேரம் எரியும் பல்பு செய்தவனுக்கு அபராதம்! இன்று மைக்ரோசாப்ட்டைப் பாருங்கள். 2015-ல் வெளியிட்ட விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு வழக்கமான ஆதரவை நிறுத்தியது. வேண்டுமானால் ஓராண்டுத் தவணை என்று ஒரு எலும்புத் துண்டை வீசியது. விண்டோஸ் 11 போடலாமென்றால் டி.பி.எம். 2.0 வேண்டுமாம், இன்டெல்லில் எட்டாம் தலைமுறை பிராசஸராவது வேண்டுமாம். நல்ல நிலையில் ஓடும் மெஷின்களுக்கு ஒரே உத்தரவில் மரண தண்டனை!

அந்தத் தோழரின் மெஷினைப் பிரித்தோம். ஃபேனில் புளோ ரூம் பஞ்சு மாதிரித் தூசி. உள்ளே சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க், 4 ஜி.பி. ராம். தூசியைத் தட்டி, எஸ்.எஸ்.டி. ஒன்று போட்டு, ராமை 8 ஆக்கி, காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸை ஏற்றினோம். ஒரு நிமிடத்துக்குள் திறக்கிறது. செலவு, புதியதன் விலையில் சிறு பங்கு.

எல்லாம் பிழைக்கும் என்று சொல்ல மாட்டோம். மதர்போர்டு எரிந்து, ரிப்பேர் கூலியும் சாமானும் மெஷினின் மதிப்பைத் தாண்டினால் விட்டுவிட வேண்டியதுதான். ஆனால் பாட்டரி, கீபோர்டு, சார்ஜர் பின், கீல் — இவற்றுக்காகவா புதுசு? கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை. அவரும் கமிஷனுக்கு ஓடுகிறவர். ராமை போர்டோடு சால்டர் வைத்து, பாட்டரியைப் பசையால் ஒட்டி அனுப்புகிறானே, அவனல்லவா குற்றவாளி!

அமெரிக்காவில் டிராக்டரைத் தானே ரிப்பேர் செய்ய முடியாமல் விவசாயி தவிக்க, ஜான் டீர் கம்பெனி மீது 2025 ஜனவரியில் அந்நாட்டு வர்த்தக ஆணையமே வழக்குப் போட்டது. நியூயார்க் மாகாணம் 2022-லும், ஐரோப்பிய யூனியன் 2024-லும் ரிப்பேர் உரிமைச் சட்டம் கொண்டுவந்தன. டில்லி சர்க்கார்? 2022-ல் ஒரு கமிட்டி போட்டது, ஒரு போர்ட்டல் திறந்தது. போர்ட்டலைக் கழற்றிப் பாட்டரி இருந்த இடத்தில் மாட்டுவதா?

மாணவர்களுக்கு லட்சக்கணக்கில் லேப்டாப் வாங்கும்போது சென்னை சர்க்கார் டெண்டரிலேயே நிபந்தனை போடட்டும்: பாட்டரி, ராம், டிஸ்க் மூன்றும் ஸ்க்ரூ டிரைவரால் கழற்றத்தக்கதாக இருக்க வேண்டும், பத்து வருஷத்துக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கொடுக்க வேண்டும், ரிப்பேர் புத்தகம் தமிழில் வர வேண்டும்!