கோளாறு யார் பக்கம்?

வீட்டில் இணைய இணைப்பு செயலிழந்துவிட்டது. சேவை வழங்குநரின் உதவி இலக்கத்திற்கு அழைக்கிறீர்கள். மறுமுனையில் பேசும் இளைஞர் முதலில் ரவுட்டரை அணைத்துவிட்டு மீண்டும் போடச் சொல்கிறார். போடுகிறீர்கள், பலனில்லை. அடுத்ததாக, எந்த விண்டோஸ் பாவிக்கிறீர்கள் என்று கேட்கிறார். லினக்ஸ் என்று சொன்ன மறுகணமே உரையாடல் முடிந்துவிடுகிறது. "நாங்கள் லினக்ஸுக்கு உதவி வழங்குவதில்லை. கோளாறு உங்கள் கணனியில்தான்."

இந்தப் பதில் இந்நாட்டில் நீண்ட காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. தொலைபேசிக் கம்பி வழியாக வந்த இணைப்புக்கும் இதுவே பதில், இன்றைய கண்ணாடி இழை இணைப்புக்கும் இதுவே பதில். இதனைத் தொழினுட்ப முடிவென்று நம்மில் பலர் நம்பிவிடுகிறோம். உண்மையில் இது தொழினுட்ப முடிவே அல்ல. நிரூபிக்கும் பொறுப்பைப் பணம் செலுத்துபவரின் தலையில் சுமத்தும் தந்திரம். எந்த அளவீடும் எடுக்காமல், எந்தச் சோதனையும் செய்யாமல், குற்றவாளி யார் என்று தீர்ப்பளிக்கும் வேலை. நீதிமன்றத்தில் இப்படி ஒரு தீர்ப்பு வந்தால் நாம் சும்மா இருப்போமா?

லைவ் லினக்ஸ் என்பது என்னவென்று அறியாத வாசகர்களுக்காகச் சில வார்த்தைகள். வழமையாக ஓர் இயங்குதளத்தைக் கணனியின் வன்தட்டில் நிறுவிய பின்னரே பாவிக்கிறோம். லைவ் முறையில் நிறுவல் எதுவும் தேவையில்லை. இறுவட்டிலிருந்தோ பென்டிரைவிலிருந்தோ கணனியை இயக்கினால், இயங்குதளம் அதிலிருந்தே இயங்கும். நாமாக மாற்றாத வரையில் வன்தட்டில் உள்ள எதையும் அது தொடாது. அணைத்துவிட்டால் சுவடில்லாமல் மறைந்துவிடும். ஜேர்மனியரான கிளவுஸ் நொப்பர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட நொப்பிக்ஸ் இம்முறையை உலகெங்கும் பிரபலப்படுத்தியது. உபுண்டு இறுவட்டுகள் 2011 வரை தபாலில் இலவசமாகவே வீடு தேடி வந்தன. இன்று ஒரு பென்டிரைவின் விலைக்கு இந்த வசதி எவருக்கும் கிட்டும்.

இணைப்புக் கோளாறை ஆராய இதைவிட நேர்மையான சாட்சி கிடையாது. பத்திரிகைத் துறையில் ஓர் எளிய விதி உண்டு. ஒருவர் சொன்ன செய்தியை அவரோடு தொடர்பில்லாத இன்னொருவரிடம் உறுதிப்படுத்தாமல் அச்சேற்றக் கூடாது. கணனியில் நிறுவப்பட்டுள்ள இயங்குதளம் முதலாவது சாட்சி. அதில் வைரஸ் இருக்கலாம், பழுதான மென்பொருள் இருக்கலாம், யாரோ மாற்றிவைத்த அமைப்புகள் இருக்கலாம். லைவ் லினக்ஸ் அவற்றோடு எவ்வித உறவும் இல்லாத இரண்டாவது சாட்சி. இரண்டும் ஒரே கோளாறைச் சொன்னால், நிறுவிய மென்பொருளின் மீது பழி போட இடமில்லை.

இந்தச் சோதனை மந்திர வித்தையல்ல. ஒவ்வொரு படியும், கோளாறு எல்லைக்கோட்டின் எந்தப் பக்கத்தில் உள்ளது என்ற ஒரே கேள்விக்குப் பதில் தருகிறது.

முதலில் ரவுட்டரின் விளக்குகளைப் பாருங்கள். செப்புக் கம்பி இணைப்பாயின் டிஎஸ்எல் விளக்கு நிலையாக எரிய வேண்டும். கண்ணாடி இழையாயின் சமிக்ஞை இழப்பைக் காட்டும் சிவப்பு விளக்கு எரியக் கூடாது. இவை பிழைத்தால் கணனியைப் பற்றிய பேச்சுக்கே இடமில்லை. வீட்டில் ஒரு கணனிகூட இல்லாவிட்டாலும் அந்த விளக்குகள் அப்படித்தான் இருக்கும். அந்நிலையில் எந்த விண்டோஸ் என்று கேட்பது, தண்ணீர்க் குழாய் வீதியில் உடைந்திருக்க, வீட்டில் எந்தக் குடத்தில் பிடிக்கிறீர்கள் என்று கேட்பதற்கு ஒப்பானது.

அடுத்து, வைபையை விட்டுவிட்டுக் கேபிள் மூலம் இணையுங்கள். வைபைச் சில்லுகள் பலவற்றுக்கு அவற்றின் தயாரிப்பாளர் வழங்கும் தனி மென்பொருள் தேவை. எல்லா லைவ் பதிப்புகளும் அதனைக் கொண்டிருப்பதில்லை. டெபியன் அமைப்பு 2022இல் வாக்கெடுப்பு நடத்தி, 2023இல் வெளிவந்த 12ஆம் பதிப்பிலிருந்துதான் அவற்றைத் தன் உத்தியோகபூர்வ வட்டுகளில் சேர்த்துக்கொண்டது. ஆகவே வைபை வேலை செய்யாததை வைத்துக்கொண்டு சேவை வழங்குநரைக் குறைசொல்வது நியாயமாகாது.

கேபிளில் இணைந்ததும் கணனிக்கு ஐபி முகவரி கிடைக்கிறதா என்று பாருங்கள். கிடைத்தால், ரவுட்டரின் முகவரிக்குப் பிங் கட்டளையை அனுப்புங்கள். பெரும்பாலும் அது 192.168 என்று தொடங்கும். பதில் வந்தால் கணனி, அதன் வலையமைப்பு அட்டை, கேபிள், லினக்ஸ் ஆகிய நான்கும் குற்றமற்றவை என்று ஒரே வீச்சில் நிரூபணமாகிவிடுகிறது. இதற்குப் பிறகும் கோளாறு உங்கள் கணனியில்தான் என்று சொல்பவர் ஒன்றில் அறியாதவர், அல்லது அறிந்தும் மறைப்பவர்.

அதன்பின் வெளியே ஓர் எண் முகவரிக்கு, உதாரணமாக 8.8.8.8 என்ற முகவரிக்கு, அதே கட்டளையை அனுப்புங்கள். பதில் வந்தும் இணையத்தளங்கள் திறக்காவிட்டால், பெயரை எண்ணாக மாற்றித்தரும் டிஎன்எஸ் சேவையில் பிழை இருக்கலாம். வேறொரு டிஎன்எஸ் முகவரியைக் கொடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். சில தளங்கள் திறந்து சில தளங்கள் பாதியில் நின்றால், பொதியின் அளவைச் சந்தேகிக்க வேண்டும். ஈதர்நெட்டில் ஒரு பொதி 1500 பைட்டுகள் வரை கொள்ளும். பிபிபிஓஈ முறையில் இணையும்போது அதில் 8 பைட்டுகள் அம்முறையின் தலைப்புக்கே போய்விடுவதால் 1492 மட்டுமே மிஞ்சும். இந்தக் கணக்கு ரவுட்டரில் தவறாக இருந்தால் சிறிய பொதிகள் போகும், பெரியவை வழியில் காணாமற்போகும். பிங் வேலை செய்கிறதே, ஆகவே இணைப்பு நன்றாகத்தான் உள்ளது என்று உதவி நிலையம் சாதிப்பது இத்தகைய சந்தர்ப்பங்களில்தான்.

பிழை நம் பக்கம் இருக்கும் தருணங்களும் உண்டு. தாய்ப்பலகையின் சிறு மின்கலம் செத்துப்போய்க் கணனியின் திகதி பல ஆண்டுகள் பின்னே போயிருந்தால், பாதுகாப்பான தளங்கள் எல்லாமே சான்றிதழ் பிழை என்று மறுக்கும். இணைப்பு அப்பாவி. ஒழுங்கான சோதனையின் சிறப்பே, அது நமக்கு எதிராகவும் சாட்சி சொல்லும் என்பதுதான்.

செப்புக் கம்பி இணைப்பு என் வீட்டில் இருந்த காலத்தில், மழை பெய்யும் மாலைகளில் மட்டும் இணைப்பு அறுந்துகொண்டிருந்தது. லைவ் லினக்ஸிலும் அதுவே நடந்தது. ரவுட்டரின் பக்கத்தில் இரைச்சல் இடைவெளி என்ற அளவு, மழை தொடங்கியதும் 6 டெசிபெலுக்குக் கீழே இறங்குவதைத் திகதி, நேரத்துடன் குறித்துக்கொண்டேன். நிறுவனம் ஏழு முறை கணனியைக் குறைகூறியது. எட்டாவது முறை வந்த ஊழியர் கம்பத்தில் ஏறிய பத்தாவது நிமிடத்தில், ஈரம் புகுந்து துருவேறிய கம்பி இணைப்பு ஒன்றைக் கழற்றிக் காட்டினார். நல்ல மனிதர், திறமையான தொழிலாளி. அவரை முதல் நாளே அனுப்பாதது யாருடைய கணனியின் கோளாறு?

நிறுவனங்களின் பக்க நியாயத்தையும் கேட்போம். உலகிலுள்ள இயங்குதளங்கள் அத்தனைக்கும் ஊழியர்களைப் பயிற்றுவிக்க முடியாது என்பார்கள். சரியே. அப்படி எவரும் கேட்கவில்லை. தமது கம்பியையும் தமது இயந்திரத்தையும் அளந்து சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறோம். அதற்கு வாடிக்கையாளரின் இயங்குதளம் எதுவென்று அறியவேண்டிய தேவையே இல்லை. லினக்ஸ் பாவிப்பவர்கள் எதையாவது நோண்டிக் கெடுத்துவிடுவார்கள் என்பது இன்னொரு வாதம். லைவ் முறையில் ஒவ்வொரு முறையும் கைபடாத புதிய இயங்குதளமே எழுகிறது. நோண்டப்படாத கணனி ஒன்று வேண்டுமென்றால் இதைவிடச் சிறந்ததை நிறுவனத்தாலும் தரமுடியாது.

எல்லாவற்றிலும் பெரிய நகைச்சுவை வேறு. வீடுகளுக்கு நிறுவனங்கள் தரும் ரவுட்டர்களில் மிகப் பலவற்றின் உள்ளே ஓடுவதே லினக்ஸ்தான். லிங்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டரில் லினக்ஸ் இருப்பது 2003இல் வெளிவந்து, அதன் மூலநிரல் பகிரங்கப்படுத்தப்பட்டது. அதிலிருந்தே ஓபன்டபிள்யூஆர்டி என்ற கட்டற்ற ரவுட்டர் மென்பொருள் 2004இல் பிறந்தது. நம் கைகளிலுள்ள அன்ட்ரொயிட் தொலைபேசிகளின் கருவும் லினக்ஸே. லினக்ஸ் பெட்டியை மாத வாடகைக்குக் கொடுத்துவிட்டு, லினக்ஸா, எங்களுக்குத் தெரியாதே என்பது எந்த ஊர் நியாயம்?

நம்மவர்களையும் விட்டுவைக்க முடியாது. லினக்ஸ் ஆர்வலர்கள் எனப்படுவோரில் ஒரு பகுதியினர், உதவி கேட்டு வருபவரைக் கைநூலைப் படி என்று விரட்டுகிறார்கள். கைநூலோ ஆங்கிலத்தில். நாட்டில் 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் அரசகரும மொழி. ஆனால் உதவி இலக்கத்தில் தமிழுக்கான எண்ணை அழுத்திக் காத்திருந்து, ஈற்றில் வேறு மொழியில் பதில் கேட்ட அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. நிறுவனம் ஒரு மொழியில் கைவிடுகிறது, அறிந்தவர்கள் இன்னொரு மொழியில் கைவிடுகிறார்கள். இடையில் நிற்கும் பாவனையாளன் மாதா மாதம் பில்லைக் கட்டிக்கொண்டிருக்கிறான்.

இது வெறும் வசதிக் குறைவு பற்றிய முறைப்பாடு அல்ல. 2007 யூனில் தமிழ்நெற் இணையத்தளம் இந்நாட்டில் முடக்கப்பட்டது. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறையின்போதும், 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுக் குண்டுத் தாக்குதல்களின் பின்னரும், 2022 ஏப்ரலில் மக்கள் வீதிக்கு இறங்கிய வேளையிலும் சமூக வலைத்தளங்கள் தடைசெய்யப்பட்டன. ஒரு தளம் திறக்காதபோது அது கோளாறா, தடையா என்று பிரித்தறியத் தெரியாத சமூகத்திடம், எதையும் கோளாறு என்று சொல்லிவிடலாம். ஒரே ஒரு சோதனையால் தடையை நிரூபித்துவிட முடியாது. ஆனால் ஏனைய தளங்கள் யாவும் திறக்க, குறிப்பிட்ட ஒன்று மட்டும் எந்தக் கணனியிலும் எந்த இயங்குதளத்திலும் திறக்காதபோது, காரணம் நம் மேசையில் இல்லை என்றாவது சொல்லலாம். கேள்வி கேட்பதற்கு அந்த அளவு போதும்.

ஆகவே கோரிக்கைகளைத் தெளிவாகவே வைப்போம். முறைப்பாடு ஒவ்வொன்றுக்கும் இலக்கமும், அன்று எடுக்கப்பட்ட கம்பி அல்லது இழை அளவீடும் வாடிக்கையாளர் விரும்பும் மொழியில் எழுத்தில் தரப்படவேண்டும். இயங்குதளத்தைக் காரணம் காட்டி முறைப்பாட்டை மூடக்கூடாது. கோளாறு தம் பக்கத்தில் என்று உறுதியானால், சேவை இல்லாதிருந்த நாட்களுக்கான கட்டணம் கேட்காமலே கழிக்கப்படவேண்டும். 1996ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு இவற்றை நிபந்தனையாக்கவேண்டும். அது ஒரு பகிரங்க அதிகாரசபை. எத்தனை முறைப்பாடுகள் வந்தன, எத்தனை எவ்வாறு முடிக்கப்பட்டன என்று 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரசையும் அதனிடம் கேட்கலாம். கேட்காமல் வீட்டிலிருந்து முணுமுணுப்பதால் ஒரு பயனும் விளையப்போவதில்லை.

அதுவரை மேசை இழுப்பறையில் ஒரு லைவ் பென்டிரைவும் ஒரு கேபிளும் ஒரு குறிப்புப் புத்தகமும் இருக்கட்டும். உதவி இலக்கத்தில் பேசும் இளைஞரைக் கோபிக்காதீர்கள், அவருக்கு எழுதிக்கொடுத்ததைத்தான் அவர் வாசிக்கிறார். கோளாறு உங்கள் கணனியில்தான் என்று அவர் சொல்லும்போது, எந்த அளவீட்டின்படி என்று அமைதியாகக் கேளுங்கள். பதில் வரும்வரை தொலைபேசியை வைக்காதீர்கள்.