நாவலும் திரையும் நாவடக்கமும்

கச்சிபௌலியில் நம்மவர் இல்லமொன்றில் நால்வர் கூடினால், இலை எடுப்பதற்குள் ‘பொன்னியின் செல்வன்’ பற்றிய வழக்கு எழுந்துவிடுகிறது. மணிரத்னம் அவர்கள் இயக்கிய படத்தின் முதற் பாகம் 2022 செப்டம்பர் 30 அன்றும், இரண்டாம் பாகம் 2023 ஏப்ரல் 28 அன்றும் வெளிவந்தன. அதன் காட்சிகள் பல நம் நகரை அடுத்த ராமோஜி திரைப்பட நகரில் எடுக்கப்பட்டவை. ஆகவே வாதத்தில் நமக்கு அண்டை வீட்டாரின் உரிமையும் உண்டு போலும்!

வாதிடுவது குற்றமன்று. 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் வந்த தொடர்கதைக்காகத் தமிழர் இன்றும் குரல் உயர்த்துவது அந்நூலுக்குப் பெருமையே. ஆயினும் குரல் உயர, உறவு தாழ்ந்துவிடலாகாது.

பூசல் விளைவது ஏன்? மூன்று வினாக்களை நாம் ஒன்றாகக் குழப்புகிறோம். படம் நாவலை ஒத்ததா? வரலாற்றை ஒத்ததா? படம் என்ற அளவில் சிறந்ததா? ஒருவர் முதல் வினாவுக்கு விடை கூற, மற்றவர் மூன்றாம் வினாவைப் பற்றிக்கொண்டு மறுக்கிறார்.

ஓர் எடுத்துக்காட்டு. மதுராந்தகரின் பிறப்பைப் பற்றி நாவலில் பெரியதொரு முடிச்சு உண்டு. இன்னும் படியாதோர் பொருட்டு அதனை இங்கே அவிழ்க்கவில்லை. படம் அம்முடிச்சையே நீக்கிவிட்டது. நாவலன்பர் வருந்துவது நியாயமே. ஆனால் அது கல்கியின் கற்பனை. வரலாறு அறிந்த உத்தம சோழர், கண்டராதித்தருக்கும் செம்பியன் மாதேவியாருக்கும் பிறந்த மைந்தரே. நாவலை விட்டு விலகிய அவ்விடத்தில், படம் வரலாற்றை நெருங்கிவிட்டது! ‘கதையைக் குறைத்தார்’ என வேண்டியவர் ‘வரலாற்றைக் கெடுத்தார்’ என்றால், சண்டை வாராமல் என் செய்யும்?

கல்கி திரையைப் பகைத்தவரும் அல்லர். அவருடைய ‘தியாக பூமி’ 1939-இல் கே. சுப்பிரமணியம் இயக்கத்தில் படமாயிற்று. ஆனந்த விகடனில் அத்தொடர், படக் காட்சிகளின் புகைப்படங்களுடனேயே வெளிவந்தது.

இதில் நம் குடும்பங்களுக்கு மற்றொரு கவலையும் உண்டு. இங்கு வளரும் நம் பிள்ளைகள் பலர் பள்ளியில் தமிழ் கற்பதில்லை. வந்தியத்தேவனை அவர்கள் முதன்முதல் கண்டது திரையிலேதான். படம் கண்டு மகிழ்ந்த சிறுமியை நோக்கி, “நூலைப் படியாத உனக்கு என்ன தெரியும்?” என்று பெரியவர் ஒருவர் கேட்டுவிட்டால், அவள் படத்தைப் பற்றி மட்டுமன்று, நூலைப் பற்றியும் இனி வாய் திறவாள். நாவலின் மானத்தைக் காக்கப் புகுந்து, அதன் வாசகி ஒருத்தியை இழந்தவராவோம்.

மாறாக, “உனக்குப் பிடித்த காட்சி எது?” என்று கேளுங்கள். நாவலின் தொடக்கத்தில் வந்தியத்தேவன் குதிரையேறி வரும் வீரநாராயண ஏரிதான் இன்றைய வீராணம் என்றும், சென்னைக்குக் குடிநீர் தருவது அதுவே என்றும் சொல்லுங்கள். பிறகு முதல் அத்தியாயத்தை நீங்களே உரக்கப் படித்துக் காட்டுங்கள்.

அன்பர்களே, அடுத்த முறை வாதம் எழும்போது, எவ்வினாவுக்கு விடை கூறுகிறோம் என்பதை முதலில் சொல்லிவிடுவோம். படைப்பைக் குறை கூறலாம். அதனை விரும்பியவரைக் குறை கூற வேண்டா.